365 வாங்கலாமா, 395 போதுமா? சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கான புற ஊதா டார்ச் ஒப்பீடு

சேலத்திலும் ஏற்காட்டிலும் புற ஊதா டார்ச் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. காபித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் தேளுக்காகக் கேட்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் ரூபாய் நோட்டுக்காகக் கேட்கிறார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும், பாடத்தில் வரும் ஒளிர்வைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் தேடினால் எல்லாவற்றுக்கும் 'யூவி டார்ச்' என்றே பெயர். ஒன்றில் 395 என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 365. ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இன்னொன்று ஆயிரத்தைத் தாண்டும். எதை எடுப்பது என்று தெரியாமல் மலிவானதை எடுத்து, பிறகு 'இதில் ஒன்றும் தெரியவில்லையே' என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேள் பார்க்க மட்டும் என்றால் மலிவான 395 போதும். விலை அதிகமான ஒன்றுக்குப் பதில் மலிவானதில் இரண்டு வாங்கி, முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று என்று வையுங்கள். தேளைத் தாண்டி எதையாவது பார்க்க ஆசை இருந்தால், கருப்பு வடிகட்டி பொருத்திய 365 வாங்குங்கள். கடைக்காரர்களுக்கு டார்ச்சைவிடக் கல்லாவில் வைக்கும் நோட்டுச் சோதனைப் பெட்டி நல்லது. 254 என்று போட்ட விளக்கு வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாம் ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில். எண் குறையக் குறைய ஆற்றல் கூடும். ஒளிர்வு என்பது, ஒரு பொருள் ஆற்றல் மிகுந்த ஒளியை உள்வாங்கி, அதில் கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மிச்சத்தை ஆற்றல் குறைந்த வேறு நிற ஒளியாக வெளிவிடுவது. பெரும்பாலும் நானோநொடிக் கணக்கில் இது நடந்து முடிந்துவிடும். அதனால் விளக்கை அணைத்த கணமே ஒளிர்வும் அணைந்துவிடும். இருட்டில் வெகுநேரம் மினுங்கும் கடிகார முள் வேறு வகை, அது நின்றொளிர்தல். நம் வீட்டு டியூப்லைட்டே ஒளிர்வினால்தான் எரிகிறது. உள்ளே இருக்கும் பாதரச ஆவி 254 நானோமீட்டர் புற ஊதாவை உமிழ, குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வெண்ணிற ஒளியாக மாற்றித் தருகிறது. இப்போது வரும் வெள்ளை எல்இடி பல்பும் நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியதுதான்.

டார்ச் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சோதனை ஒன்று 1852-இலேயே வெளிவந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் ஸ்டோக்ஸ், சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து விழவைத்தார். மலேரியா மருந்தான கொய்னாவின் கரைசல் இருந்த குழாயை அந்த நிறங்களின் ஊடே மெல்ல நகர்த்தினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எதிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் இடத்துக்குப் போனபோது கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. தூண்டும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததால்தான் ஒளிர்வு அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது. டார்ச்சின் தரத்தையும் இதை வைத்தே பார்க்க வேண்டும். வாட் எவ்வளவு, பல்பு எத்தனை என்பதெல்லாம் பிறகு. தன் சொந்த வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

395-இல் இடிப்பது இங்கேதான். மனிதக் கண்ணின் எல்லை ஏறத்தாழ 380 முதல் 400 வரை. 395 அந்த எல்லையிலேயே நிற்கிறது. எல்இடி ஒரே ஒரு அலைநீளத்தில் ஒளி தருவதும் இல்லை, அக்கம்பக்கமும் பரவும். ஆகவே 395 டார்ச்சை அடித்தால் சுவர், தரை, கை எல்லாம் ஊதா மயம். பளிச்சென்று ஒளிரும் பொருள் என்றால் அந்த ஊதாவையும் மீறித் தெரியும். மங்கலாக ஒளிர்வது கெட்டிமேளம் கொட்டும்போது காதில் சொன்ன சேதி மாதிரி காணாமல் போகும். 365 எல்லையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அதிலும் கொஞ்சம் வெண்மையான கசிவு உண்டு. அதைத் தடுக்கத்தான் முகப்பில் கருப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். பார்க்கக் கருப்பு, ஆனால் புற ஊதாவை உள்ளே விடும். இப்படி ஒரு கண்ணாடியை 1903-இல் உருவாக்கியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட். தோல் மருத்துவர்கள் வெண்புள்ளியின் எல்லையையும், குழந்தைகளின் தலையில் வரும் சில படைகளையும் பார்க்க வைத்திருக்கும் 'உட்ஸ் லேம்ப்' அவர் பெயரில் வழங்குவதுதான்.

சரி, தேளுக்கு வருவோம். ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமெல்லாம் கல் அடுக்கிய வரப்புச் சுவர், விறகுக் குவியல், தோட்டத்து லைன் வீடுகளின் பழைய ஓடு என்று தேளுக்கு ஒளிய இடம் ஏராளம். சேலத்தைச் சுற்றிய வறண்ட கரடுகளிலும் அப்படித்தான். தேளின் மேலோடு நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். பீட்டா கார்போலின், கூமரின் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம் என அதற்குக் காரணமான பொருள்களையே மேலோட்டிலிருந்து பிரித்துக் கண்டறிந்திருக்கிறார்கள். சின்னச் செந்தேளானாலும் பெரிய கருநிற நட்டுவாக்காலியானாலும் ஒளிரும். பகலில் பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாத செந்தேள், இருட்டில் இந்த டார்ச்சுக்குச் சில மீட்டர் தூரத்திலேயே தெரிந்துவிடும். 395-க்கும் 365-க்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது, ஏனென்றால் அந்த ஒளிர்வு அவ்வளவு பலமானது. சொல்லப்போனால் 395-இன் ஊதாக் கசிவு கால் வைக்கும் இடத்தைக் கொஞ்சமாவது காட்டும், வடிகட்டி போட்ட 365-இல் தரையே தெரியாது. பென்சில் பேட்டரியில் ஓடும் மாடல் கிடைக்கிறது என்பதும் மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் மலை வீட்டுக்கு வசதி.

இதை நம்புவதில் மூன்று எச்சரிக்கைகள். தோல் உரித்த கையோடு இருக்கும் தேள் சரியாக ஒளிராது, புது மேலோடு இறுகிய பிறகுதான் ஒளிரும். மறுபக்கம், உரித்துப்போட்ட வெறும் தோலும் செத்த தேளும் நெடுநாள் ஒளிரும். ஒளிர்வது எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று பதறவும் வேண்டாம், செத்தது என்று கையால் எடுக்கவும் வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். இந்த விளக்கு பாம்பைக் காட்டித் தராது. ராத்திரி வெளியே போனால் ஒரு கையில் சாதாரண வெள்ளை டார்ச் கட்டாயம் இருக்க வேண்டும். வெள்ளை வெளிச்சத்தில் நடந்து, நின்று, அதை அணைத்துவிட்டுப் புற ஊதாவை அடித்துப் பார்ப்பதுதான் சரியான முறை. படுக்கை ஓரம், கழற்றிப்போட்ட செருப்பு, ஈரத்துணி வைத்த கொடியின் அடி, குழந்தைகள் விளையாடும் திண்ணை என்று தூங்கப் போகுமுன் ஒரு சுற்று அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

செந்தேள் கடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைப் பயன்படுத்தி இந்தச் சாவுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். செந்தேளுக்கான விஷமுறிவு மருந்தும் உண்டு. இந்த மருத்துவமெல்லாம் நேரத்தோடு போனால்தான் உதவும். பச்சிலை கட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மலையில் காத்திருப்பதை நினைத்தாலே எனக்கு மனசு பதறும். குழந்தைக்குக் கொட்டிவிட்டால் உடனே வண்டி எடுங்கள்.

அடுத்தது நோட்டு. இந்திய ரூபாய் நோட்டின் தாளில், வெள்ளையாகத் தெரியச் சேர்க்கும் ஒளிரும் பொருளான வெண்மையூட்டி கிடையாது, அதனால் புற ஊதாவில் நோட்டு மங்கலாகவே இருக்கும். நாம் எழுதும் வெள்ளைத் தாளும் ஜெராக்ஸ் தாளும் நீல வெண்மையாகப் பளீரிடும். நோட்டின் வரிசை எண் அச்சிட்ட மை ஒளிரும். இதைப் பார்க்க 395 டார்ச் ஓரளவு உதவும், ஆனால் வெளிச்சமான கடைக்குள் கஷ்டம். டியூப் வைத்த பெட்டி, மறைப்புக்குள் நோட்டை நீட்டிப் பார்க்கும்படி இருப்பதால் அது மேல். இரண்டு கையும் சும்மா இருக்கும். புதிதாக வரும் சில பெட்டிகளில் டியூப்புக்குப் பதில் ஊதா எல்இடி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, வித்தியாசம் துல்லியமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய டியூப் உடைந்தால் பாதரசம் இருக்கும், வெறும் கையால் கூட்ட வேண்டாம்.

ஆனால் ஒளிர்வை மட்டும் வைத்து ஒருவரின் நோட்டைக் கள்ளநோட்டு என்று சொல்லிவிடாதீர்கள். சட்டைப்பையோடு சோப்புத்தூளில் ஊறிய நல்ல நோட்டும் பளீரிடும். சோப்புத்தூளில் கலந்திருக்கும் வெண்மையூட்டி பருத்தி இழையில் ஒட்டிக்கொள்ளும். துவைத்த வேட்டி புற ஊதாவில் ஜொலிப்பதும் இதனால்தான். ரூபாய் நோட்டுத் தாளும் பருத்தியில் ஆனது. கூலி வேலை செய்து வருபவரின் கையில் இருப்பது பெரும்பாலும் அப்படி நனைந்து கசங்கிய நோட்டாகத்தான் இருக்கும். அவரை நாலு பேர் முன்னால் சந்தேகப்படுவது பெரிய தவறு. நீர்க்குறி, தடவினால் தட்டுப்படும் அச்சு, 500 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலமாக மாறும் இழை, இவற்றை முதலில் பாருங்கள். விளக்கு நான்காவது சாட்சி.

பிள்ளைகளுக்குக் காட்டத்தான் 365 முழுப் பணத்துக்கும் வேலை செய்கிறது. ஸ்டோக்ஸ் பார்த்ததையே மேசை மேல் காட்டிவிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் டானிக் வாட்டரில் கொய்னா இருக்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அறையை இருட்டாக்கி, 365-ஐ அடியுங்கள். இரண்டும் நீலமாக ஒளிரும். ஒன்றில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். ஒளிர்வு கண்ணெதிரே வாடிப்போகும். இன்னொன்றில் சர்க்கரை போட்டால் அப்படி ஆகாது. உப்பிலிருந்து வரும் குளோரைடு அயனிகள் தூண்டப்பட்ட கொய்னா மூலக்கூறோடு மோதி, ஒளியாக வரவேண்டிய ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. ஆய்வகத்தில் அயனிகளின் அளவை ஒளிர்வை வைத்து அளக்கும் சில முறைகளுக்கு இதே விளைவு அடிப்படை. கொய்னா நன்றாக உள்வாங்குவது 350-ஐ ஒட்டி. 395-இல் அடித்தால் ஊதா டம்ளருக்குள் மங்கலான நீலம்தான், வகுப்பின் கடைசி வரிசைக்குத் தெரியாது.

அதே வகுப்பில் 395 ஜெயிக்கும் சோதனைகளும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. முருங்கைக் கீரையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டினால் வரும் பச்சைச் சாறு, இந்த வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையம் ஊதாவையும் நீலத்தையும் விரும்பி உள்வாங்குவது. உயிருள்ள இலையில் அந்த ஆற்றலின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடுகிறது. சாறாக்கினால் போக வழியில்லாமல் சிவப்பாக வெளியே வருகிறது. மஞ்சள்தூளையும் ஸ்பிரிட்டில் கரைத்துப் பாருங்கள், பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கம் வைக்க வேண்டாம். ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம் மிகுதியாக உள்வாங்குவதும் சரியாக 395-இல்தான். உயிருள்ள செல்லுக்குள் எந்தப் புரதம் எங்கே போகிறது என்று பார்க்க வழி திறந்த அந்தப் புரதத்துக்காக, அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவருக்கும் 2008-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பள்ளிக்குப் பணம் இருந்தால் இரண்டு டார்ச்சும் வாங்கட்டும். ஒன்றுதான் முடியும் என்றால் 365. கீரைச் சாறும் மஞ்சளும் அதிலும் நன்றாகவே ஒளிரும், டானிக் வாட்டர்தான் 395-இல் சோபிக்காது.

மலையில் ராத்திரி நடப்பவர்களுக்கு 365 இன்னொரு உலகத்தையே திறக்கும். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரப்பட்டையிலும் பாறையிலும் படர்ந்திருக்கும் லைக்கன்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. மசாலாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். லைக்கன்களில் சிலவற்றில் இருக்கும் லைக்சாந்தோன் என்ற பொருள் புற ஊதாவில் பொன்மஞ்சளாக ஒளிரும். தாவரவியலாளர்கள் இனத்தைப் பிரித்தறியவே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். 395-இன் ஊதாவில் பட்டை முழுவதும் ஒரே நிறமாகிவிடும், மஞ்சள் எடுபடாது.

கல்லைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறையில் இரும்பு அதிகம், இரும்பு ஒளிர்வை அமுக்கிவிடும். அடிவாரத்து வெள்ளைக்கல் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக ஒளிர்ந்துவிடாது. கனிமத்தின் ஒளிர்வைப் பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் சொற்ப அளவு வேற்றுத் தனிமம்தான் தீர்மானிக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் குருந்தக்கல்லில் குரோமியம் இருந்தால் சிவப்பாக ஒளிரலாம். மாணிக்கம் சிவப்பாக ஒளிர்வதும் குரோமியத்தால்தான். ஆனால் செயற்கை மாணிக்கம் இயற்கையானதைவிடப் பளிச்சென்று ஒளிரும், ஆகவே கல் வியாபாரி டார்ச் அடித்துக் காட்டுவதை அசல் என்பதற்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள். ஷீலைட் போன்ற சில கனிமங்களுக்கு 254 வேண்டும். கண்ணையும் தோலையும் எரிக்கும் அந்த விளக்கு, பயிற்சி உள்ளவர் கையில் ஆய்வகத்தில் இருக்கட்டும்.

கலப்படம் கண்டுபிடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்த இடம் 365-இல் பளிச்சென்ற பச்சை மஞ்சளாக ஒளிர்வது உண்டு. தீவனத்துக்கு லோடு வாங்குபவர்கள் முதல் வடிகட்டலாக இதைப் பார்க்கலாம், ஆனால் ஒளிராத லோடு, பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்ளாடாக்சின் இல்லாதது என்று பொருளில்லை, ஆய்வகச் சோதனை வேண்டும். ஜவ்வரிசியை வெளுக்கப் போடும் வெளுப்பான் டார்ச்சில் சிக்காது. வெளுப்பான்கள் நிறத்தை அழிப்பவை, ஒளிர்வைச் சேர்ப்பவை அல்ல. வெள்ளிக் கொலுசின் தரத்தையும் இது சொல்லாது. அதற்கு எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கிறது. எக்ஸ் கதிர் பட்டதும் வெள்ளி அணு ஒரு ஆற்றலிலும் செம்பு அணு வேறொரு ஆற்றலிலும் எக்ஸ் கதிரைத் திருப்பி உமிழ்வதை வைத்து விகிதம் சொல்லும். அதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கும், தடித்த முலாம் பூசினால் உருக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

365-ஐ எடுக்கும்போது ஒரு பொறுப்பும் கூட வருகிறது. வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாததால் கண்மணி சுருங்காது, கூச்சமும் வராது, புற ஊதா நேராக உள்ளே போகும். பிள்ளைகள் முகத்தில் அடித்து விளையாட விடாதீர்கள். பல் ஒளிர்வதைப் பார்க்க ஆசைப்பட்டால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு கணம் காட்டினால் போதும். வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் நிறமில்லாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி 365-ஐப் பெரும்பாலும் தடுத்துவிடும். விலையும் குறைவுதான், டார்ச்சோடு சேர்த்தே வாங்குங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், 365 என்று எழுதியிருப்பது நிஜமா என்று சோதித்துவிடுங்கள். இருட்டில் ஓர் எவர்சில்வர் தட்டைச் சற்றுச் சாய்த்து வைத்து, கண்ணில் தெறிக்காதபடி அடியுங்கள். நல்ல வடிகட்டி போட்ட 365 என்றால் தட்டு ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். ஊதா வட்டம் பளிச்சென்று விழுந்தால் அது 395-க்குப் பக்கத்துச் சரக்கு. பிறகு அந்தப் பாலிகார்பனேட் கண்ணாடியை டார்ச்சுக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவே பிடியுங்கள். தாளின் நீல ஒளிர்வு சட்டென்று குறைய வேண்டும். ஊதா வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டித் தாளில் விழுந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளுங்கள்.